சுமைகூலியும் வாசல் காசும்

1909-இல் கென்யாவுக்கு வேட்டையாடப் போன வெள்ளைக்காரர் முதலில் கட்ட வேண்டியது உரிமத் தொகை. 50 பவுண்டு. அதை ரூபாயில் கட்டினார்கள்: 750 ரூபாய். இந்திய வியாபாரிகளும், மொம்பாசாவிலிருந்து ரயில்பாதை போடப் போன நம் தொழிலாளிகளும் புழங்கிய ரூபாய்தான் 1920 வரை அங்கே செலாவணி. இன்று அதே நாட்டில் மசாய் மாரா காப்புக்காட்டுக்குள் நுழைய, ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 டாலர். நம் கணக்கில் பதினேழாயிரம் ரூபாய்க்கும் மேல். தங்குவது, சாப்பிடுவது, வண்டி எல்லாம் தனி.

அந்த 750-ஐயும் இந்தப் பதினேழாயிரத்தையும் பக்கத்தில் வைத்துப் பெருமூச்சு விடுவதில் அர்த்தமில்லை. அன்றைய 750 ரூபாய் ஒரு குடும்பம் கண்ணில் பார்க்காத தொகை. பார்க்க வேண்டியது வேறு. சஃபாரிக்குக் கொடுக்கும் பணம் எந்தத் தலைப்பில் போகிறது என்பது இந்த நூறு வருஷத்தில் இரண்டு முறை இடம் மாறியிருக்கிறது. எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்பதும் அதோடு சேர்ந்தே நகர்ந்திருக்கிறது. நம் ஆட்களில் பலர் இன்னும் பழைய இடத்திலேயே பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அன்றைய சஃபாரி அச்சு அசலாக அதுதான். அமெரிக்க ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கிய கையோடு தியோடர் ரூஸ்வெல்ட் 1909 ஏப்ரலில் மொம்பாசாவில் வந்து இறங்கினார். கூட மகன் கெர்மிட், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்காக விலங்குகளைச் சேகரிக்க வந்த இயற்கையியலாளர்கள். சாமான் தூக்க இருநூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள். ஒரு ஆளுக்குத் தலைச்சுமை 60 பவுண்டு, அதாவது 27 கிலோ. கூடாரம், துப்பாக்கி, தோலைப் பதப்படுத்த நான்கு டன் உப்பு, போதாக்குறைக்குப் பன்றித்தோல் அட்டை போட்ட ஒரு குட்டி நூலகம். இத்தனையும் நடந்தே போக வேண்டும். போகிறவர்களுக்குச் சோறு வேண்டும், அந்தச் சோற்றுக்கான மூட்டையைத் தூக்க இன்னும் ஆள் வேண்டும். மாதக்கணக்கில் இப்படி. இதையெல்லாம் ஏற்பாடு செய்து தர நைரோபியில் நியூலாண்ட், டார்ல்டன் என்றொரு கம்பெனியே இருந்தது.

அந்தக் காலத்தில் செலவைக் குறைக்க ஒரே வழிதான் இருந்தது: வேறு யாராவது கொடுக்க வேண்டும். அருங்காட்சியகத்தின் பங்கை ஆண்ட்ரூ கார்னகி முதலான பணக்காரர்கள் ஏற்றார்கள். தன் பங்குக்கு ரூஸ்வெல்ட், பயணக் கட்டுரைகள் எழுதித் தருவதாக ஸ்கிரிப்னர்ஸ் பத்திரிகையிடம் 50,000 டாலர் பேசி வைத்திருந்தார். 1933 கடைசியில் சஃபாரி போன ஹெமிங்வேக்குப் பணம் கொடுத்தவர் மனைவி பாலினின் சித்தப்பா. 25,000 டாலர்! அப்படிப்பட்ட சொந்தம் எல்லோருக்கும் வாய்க்குமா?

தலைச்சுமையை ஒழித்தது மோட்டார் வண்டி. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா 1927-இல் பொதுமக்களுக்குத் திறந்தபோது அந்த வருஷம் முழுக்க உள்ளே வந்தவை மூன்றே கார்கள். கட்டணம் ஒரு பவுண்டு. 1946-இல் நைரோபி, 1951-இல் செரெங்கெட்டி என்று தேசியப் பூங்காக்கள் வரிசையாக வந்தன. பெர்ன்ஹார்ட் கிர்சிமெக் என்ற ஜெர்மானிய விலங்கியலாளரும் அவர் மகன் மைக்கேலும் சேர்ந்து செரெங்கெட்டியைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 1959-இல் வெளியாகி மறு வருஷம் ஆஸ்கர் வாங்கியது. (படப்பிடிப்பின்போதே சின்ன விமானம் விழுந்து மைக்கேல் இறந்துபோனார், அவர் கல்லறை ங்கோரோங்கோரோ பள்ளத்தின் விளிம்பில் இருக்கிறது.) ஐரோப்பாவின் நடுத்தர வர்க்கம் படம் பார்த்தது, பார்த்ததை நேரில் காணக் கிளம்பியது. ஜெட் விமானமும் வந்துவிட்டதால் மாதங்கள் வாரங்களாகச் சுருங்கின. 1977 மே மாதம் கென்யா வேட்டையைத் தடை செய்தது. துப்பாக்கி போய்க் கேமரா முழுதாகக் கைக்கு வந்தது.

இந்த நடுக்காலத்தில் பணம் போனது விமானத்துக்கும் வண்டிக்கும் அறைக்கும். வாசலில் கட்டியது சில்லறை. ஆகவே மிச்சம் பிடிக்கும் வித்தை முழுவதும் வண்டியை நிரப்புவதில் இருந்தது. கூரையை மேலே தூக்கி நிறுத்தும் வேனில் ஏழு பேர் உட்காரலாம். ஐந்து பேர் சேர்ந்துவிட்டார்கள், இன்னும் இரண்டு பேர் கிடைத்தால் நாளைக் காலையே புறப்பாடு என்று நைரோபி நகர வீதிகளில் ஏஜென்ட்டுகளின் ஆட்கள் முதுகுப்பைக்காரர்களைப் பின்தொடர்ந்து வருவார்கள். அங்கே நின்று பேரம் பேசினால் விலை இறங்கும். காலியாகப் போகிற இருக்கைக்குக் கிடைத்தது லாபம் என்று விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும்.

அந்த வீதியில் இந்தியச் சுற்றுலாப் பயணிகள் அபூர்வம். டிக்கெட்டுக்குக் காசு இருந்தாலும் கையில் டாலர் கிடைக்காத காலம் அது. தனிமனிதர் ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்று ரிசர்வ் வங்கி வழி திறந்ததே 2004-இல்தான். இன்று அந்த வரம்பு இரண்டரை லட்சம் டாலர். வரம்பு ஏறிய அதே காலத்தில் ரூபாய் மதிப்பு இறங்கியும் விட்டது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

கென்யாவில் வேட்டைக்குத் தடை வந்த அதே 1977-இல் இன்னொன்றும் நடந்தது. கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு உடைந்து, தான்சானியா கென்யாவுடனான எல்லையை மூடியது. அதுவரை தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து மாராவுக்கு நேராக வண்டி ஓட்டிப் போகலாம். 1983-இல் எல்லை திறந்தது, ஆனால் மணல் ஆற்றங்கரையில் இருந்த அந்தக் காட்டு வாசல் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கவே இல்லை. வில்டபீஸ்ட் மான்களின் மந்தை கடவுச்சீட்டு இல்லாமல் கடக்கிற அதே எல்லையை நாம் கடக்க, சுற்றிக்கொண்டு இசெபானியா வழியாகவோ நமங்கா வழியாகவோ போக வேண்டும். இரண்டு நாட்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்ற ஆசை இன்றும் கையைக் கடிப்பதற்கு இதுதான் முதல் காரணம். நாட்களும் போகும், இரண்டு நாட்டு வண்டி வாடகையும் போகும். வாரம் ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால் ஒரு நாட்டோடு நிற்பது புத்திசாலித்தனம்.

இனி இன்றைய கதை. பணம் இப்போது வாசலுக்குப் போகிறது.

மாராவில் 2023 வரை 70, 80 டாலரில் இருந்த நாள் கட்டணம் 2024 ஜனவரியில் 100 ஆனது, ஜூலையில் 200 ஆனது. ஆண்டின் முதல் ஆறு மாதம் 100, பின் ஆறு மாதம் 200 என்பதே இப்போது நரோக் மாவட்ட நிர்வாகத்தின் கணக்கு. 9 முதல் 17 வயது வரை 50 டாலர். இதில் ஏஜென்ட்டின் வாய்ச்சாமர்த்தியம் செல்லாது. முன்பு பேரத்தால் இறங்கிய விலை இன்று கல்லில் பொறித்தது போல நிற்பதற்கு இதுதான் காரணம்: கொட்டேஷனில் கணிசமான பங்கு அரசுக்குப் போகிற பணம், அதை யாரும் குறைக்க முடியாது. யாராவது குறைத்துத் தருகிறேன் என்றால் அங்கேதான் உஷாராக வேண்டும்.

ஆனால் வாசலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மாரா டிக்கெட் காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணி வரைதான் செல்லும். அதாவது பகல் ஒன்றுக்கு ஒரு டிக்கெட். இதை வைத்து, எல்லோரும் வாங்குகிற ‘மூன்று பகல், இரண்டு இரவு’ பேக்கேஜைப் பிரித்துப் பாருங்கள். நைரோபியிலிருந்து காலையில் கிளம்பினால் ஐந்தாறு மணி நேரத்தில் செகெனானி வாசல். மதியச் சாப்பாடு, களைப்பாறல், நான்கு மணிக்கு மேல் உள்ளே ஒரு சுற்று. மறுநாள் முழுப் பகல். மூன்றாம் நாள் காலை ஒரு சுற்று, பிறகு திரும்பல். தங்கும் முகாம் வாசலுக்கு வெளியே இருந்தால் இது மூன்று நுழைவு. ஆகஸ்டில் போனால் ஒருவருக்கு 600 டாலர். முதல் நாள் மாலையின் அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் 200 டாலர்! அன்று மாலை வெளியே மசாய் கிராமப் பக்கம் நடந்துவிட்டு, சீக்கிரம் படுத்து, மறுநாள் ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது முதல் வண்டியாக நிற்பவருக்கு 400-தான் ஆகும். சிங்கம் பார்க்க மாலை நான்கைவிட விடியற்காலை ஆறு எப்போதும் மேல்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. காட்டுக்கு உள்ளேயே இருக்கும் முகாமில் தங்குகிறவர்கள் கிளம்பும் நாளன்று காலை 10 மணிக்குள் வெளியேறிவிட்டால் அந்த நாளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு இரவுக்கு இரண்டு டிக்கெட், மூன்று நாளும் காடு. வெளியே தங்கி மூன்று முறை நுழைகிறவரைவிட 200 டாலர் குறைவு. உள்ளே அறை வாடகை கூடுதல்தான். அந்தக் கூடுதல் தலைக்கு இரண்டு இரவுக்கும் சேர்த்து 200-க்குள் இருந்தால், ‘மலிவு’ என்று எல்லோரும் ஓடுகிற வெளி முகாம்தான் உண்மையில் விலை கூடியது. 2023 வரை இந்தக் கணக்கைப் போட வேண்டிய அவசியமே இருந்ததில்லை. வெளியே தங்கினால் மலிவு, அவ்வளவுதான். பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போகிறவர்கள் இடறுவது இங்கே.

பருவமும் அப்படியே தலைகீழாகிவிட்டது. முன்பு கூட்டம் குறைந்த மாதம் என்றால் எல்லாமே விலை குறைவு. இப்போது நவம்பரைப் பாருங்கள்: குறுமழை பெய்கிறது, மந்தைகள் தெற்கே தான்சானியாவுக்குப் போய்விடுகின்றன, அறை வாடகை இறங்குகிறது, வாசலில் மட்டும் முழு 200. என்னைக் கேட்டால் மாராவுக்குப் போக அதுதான் மோசமான மாதம். மாறாக ஜனவரி, பிப்ரவரி: வெயில், காய்ந்த தரை, கட்டணம் பாதி. ஆற்றை மந்தை கடக்கும் காட்சி கிடைக்காது. அது ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையிலான சமாச்சாரம். ஆனால் மாராவின் சிங்கமும் யானையும் சிறுத்தையும் எங்கும் போய்விடுவதில்லை. ஏப்ரல், மே எல்லாவற்றிலும் மலிவுதான், ஆனால் நீண்ட மழைக்காலம். மாராவில் பல இடங்களில் கோவில்பட்டிப் பக்கம் இருப்பது போன்ற கரிசல் மண். மழையில் வண்டி அச்சு வரை இறங்கும். அப்போது வேனில் ஏறி மிச்சம் பிடிக்க நினைப்பவர் பாதி நாளை வண்டி தள்ளுவதில் கழிக்கக்கூடும். நான்கு சக்கரமும் இழுக்கிற லேண்ட் குரூசர் என்றால் அந்த மாதங்களையும் யோசிக்கலாம்.

தான்சானியாவில் கணக்கு வேறு மாதிரி. செரெங்கெட்டி டிக்கெட் பகலுக்கு அல்ல, 24 மணி நேரத்துக்கு. பருவத்தில் 70 டாலர். அதன் மேல் 18 சதவீத வரி, 2016-இல் சுற்றுலா மேல் போட்டது. ஆக 82 டாலருக்குச் சற்று மேல். நாபி குன்று வாசலில் மதியம் ஒரு மணிக்கு நுழைந்தவர் மறுநாள் ஒரு மணிக்குள் வெளியேற வேண்டும், இல்லையென்றால் இன்னொரு நாள். வெளியேறும் நேரம் நெருங்க நெருங்க ஓட்டுநரின் கண் சிங்கத்திலிருந்து கைக்கடிகாரத்துக்குப் போவதை உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அருஷாவிலிருந்து செரெங்கெட்டிக்குப் போகும் சாலை ங்கோரோங்கோரோ வழியாகத்தான் போகிறது. அங்கே இறங்கிப் பார்க்காமல் கடந்து போனாலும் அதற்கும் தலைக்குக் கட்டணம் உண்டு. மேற்கே விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள ம்வான்சாவிலிருந்து ந்டபாகா வாசல் வழியாக நுழைந்தால் அது மிச்சம். ஆனால் அந்தப் பக்கம் போகிற வண்டிகள் குறைவு.

ங்கோரோங்கோரோ பள்ளத்தில் இறங்க வண்டி ஒன்றுக்கு 250 டாலர், வரியோடு 295. இது ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. இரண்டு பேர் போனால் தலைக்கு 147. ஆறு பேர் போனால் 50-க்கும் குறைவு. பழைய நைரோபி வீதி வித்தை இன்னும் உயிரோடு இருப்பது இந்த இடத்தில்தான். வண்டி, டீசல், ஓட்டுநர் சம்பளம், பள்ளத்துக் கட்டணம் இவையெல்லாம் தலைகளால் வகுபடும். வாசல் கட்டணம் வகுபடாது. தேனிலவுத் தம்பதி தனி வண்டி கேட்டுவிட்டு ஏன் இவ்வளவு என்று கேட்பதும், அண்ணன் தம்பி குடும்பமாக ஆறு பேர் சேர்ந்து போகிறவர்கள் இவ்வளவுதானா என்று வியப்பதும் இதனால்தான்.

இத்தனை வாசல் கணக்கும் வேண்டாம் என்பவர்களுக்கு க்ரூகர் இருக்கிறது. அன்று மூன்று கார் வந்த அந்தப் பூங்காவுக்கு இன்றும் சொந்தமாக வண்டி ஓட்டிப் போகலாம் என்பதுதான் அதன் பெருமை. முக்கியப் பாதைகள் தார்ச்சாலை. ஒரு சாதாரண வாடகைக் காரே போதும். தென்னாப்பிரிக்காவிலும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் அச்சான நம் ஓட்டுநர் உரிமம் செல்லும். வேகம் 50 கிலோமீட்டருக்கு மேல் கூடாது, மண்பாதையில் 40. லோயர் சாபி, சதாரா போன்ற அரசு முகாம்களில் குடிசையோ கூடாரம் போடும் இடமோ பதினொரு மாதத்துக்கு முன்பிருந்தே முன்பதிவு செய்யலாம். முன்கூட்டியே செய்யாவிட்டால் கிடைப்பதும் கடினம். குடிசைத் திண்ணையில் ஃபிரிட்ஜ் இருக்கும், அதற்கு ஒரு கம்பிக்கூண்டும் இருக்கும். கூண்டைப் பூட்டாமல் போனால் குரங்குகள் வந்து தயிர்சாதத்தைத் தீர்த்துவிடும். வரவேற்பறையில் ஒரு வரைபடப் பலகை. இன்று எங்கே சிங்கம், எங்கே காண்டாமிருகம் என்று பார்த்தவர்கள் குறித்து வைப்பார்கள். வழிகாட்டிக்குக் கூலி கொடுக்காதவர்களுக்கு அதுதான் வழிகாட்டி. தாமே சமைத்துக்கொள்ளலாம் என்பதால் சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு இதைவிட மலிவான, நிம்மதியான சஃபாரி நான் அறிந்து வேறில்லை.

கொரில்லா பார்ப்பது தனி உலகம். ருவாண்டாவில் ஒரு மணி நேரம் கொரில்லாக் கூட்டத்தோடு நிற்க அனுமதிச் சீட்டு 2017 மே மாதம் வரை 750 டாலர், அன்றிலிருந்து 1,500. ஒரே இரவில் இரண்டு மடங்கு. பக்கத்து உகாண்டாவில் 2024 ஜூலை முதல் 800. கிகாலியில் இறங்கி எல்லை தாண்டி உகாண்டாவின் புவிண்டி காட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து 100 டாலரில் ஒரே விசா கிடைப்பதால் இது இப்போது எளிது.

முன்பதிவு செய்கிற விதம் மாறியதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கடிதம் போய், டெலெக்ஸ் போய், வாட்ஸ்அப் வந்துவிட்டது. மதுரையில் உட்கார்ந்துகொண்டு அருஷாவில் உள்ள ஏஜென்ட்டிடம் நேராகவே விலை கேட்கலாம். நடுவில் இருந்தவர்களின் கமிஷன் மிச்சம். ஆனால் நேரில் பார்க்காத ஆளுக்கு முழுப் பணத்தையும் முன்னதாக அனுப்புவது ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான். கென்யாவில் கேட்டோ, தான்சானியாவில் டாட்டோ என்ற சுற்றுலா நிறுவனச் சங்கங்களின் உறுப்பினரா என்று அந்தச் சங்கங்களிடமே விசாரித்துக்கொள்ளலாம். கொட்டேஷன் வந்ததும் முதலில் தேட வேண்டிய வரி, ‘வாசல் கட்டணம் சேர்ந்ததா’ என்பது. மலிவான கொட்டேஷனுக்கும் விலை கூடியதற்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்த ஒரு வரியில் ஒளிந்திருக்கும். அடுத்தது, எத்தனை நுழைவு, எந்தெந்த நேரத்தில் என்று கேட்பது. இதற்கு நேராகப் பதில் சொல்லாதவரை விட்டு விலகலாம்.

குறைக்கக் கூடாத தலைப்பு ஒன்று உண்டு. அன்று இருநூறு பேர் செய்த வேலையை இன்று ஒருவர் செய்கிறார்: ஓட்டுநர். பாதை, விலங்கு, பஞ்சர், சாப்பாடு, சண்டைக்கார யானையிடமிருந்து வண்டியைப் பின்னால் எடுப்பது எல்லாம் அவர்தான். வாசல் காசைக் குறைக்க முடியாத ஏஜென்ட் விலையைத் தட்டித் தட்டிக் குறைக்கும்போது கடைசியில் கை வைப்பது அவர் கூலியில்தான். ஒரு நாளைக்குத் தலைக்குப் பத்துப் பதினைந்து டாலர் டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம். பயணச் செலவில் அதை முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

பட்டியலில் மிகச் சிறிய செலவு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், சில நூறு ரூபாய்தான். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். முன்பு பத்து ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டியிருந்தது. 2016 முதல் ஆயுளுக்கும் ஒன்றே போதும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் நம்மூர் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள்.